சுபத்துக்குப் பிறகு ஓடிய ரீல்

ரஷீது மாமு பத்து வருஷமாகச் சினிமாக் கொட்டகையில் வேலை பார்க்கிறார். போன வருஷம் வரை ஒரு படத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் அவருடைய வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் ஒரு கொட்டகை, காலாடிப்பேட்டையில் ஒரு டெண்ட் கொட்டகை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. பழைய படம் போடும்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரதியைத்தான் எடுப்பார். ராயபுரத்தில் ஆறரைக்குப் படம் ஆரம்பிக்கும். டெண்டில் ஏழே முக்காலுக்கு. ராயபுரத்தில் நான்கு ரீல் ஓடி முடிந்ததும் அவற்றைத் தகர டப்பாக்களில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மாமு டெண்டுக்கு மிதிப்பார். கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இங்கே அடுத்த நான்கு ரீல் முடிந்திருக்கும். ஒரு காட்சிக்கு நான்கு நடை. படம் ஓடும்போதெல்லாம் அவர் ரோட்டில் இருப்பார். ஆபரேட்டர் அறையின் துவாரம் வழியாக ஒரு முகத்தையோ ஒரு குதிரையையோ பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவர் துறைமுகத்தில் இருந்தார். என் அப்பா லூர்தும் அவரும் ஒரே கூட்டத்தில் மூட்டை இறக்கியவர்கள். 1941-இல் துறைமுக ஆட்களையே சேர்த்து ஒரு பட்டாளம் எடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்க வேண்டியதில்லை, கப்பலில் ஏற்றி இறக்கினால் போதும் என்றார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பெயர் கொடுத்தார்கள். ரங்கூனுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. அடுத்த வருஷம் மாமு மட்டும் திரும்பி வந்தார். அப்பாவைப் பற்றிச் சர்க்காரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் காணவில்லை என்றுதான் இருந்தது.

எங்கள் கோயிலில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அந்த வருஷம் யார் யாருக்காக மன்றாட வேண்டுமோ, அந்தப் பெயர்களை ஒரு வாரம் முன்பே, கோயில் காரியங்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். காசிமேட்டுக் கல்லறையில் சாமியார் அந்தப் பெயர்களை வாசிப்பார். புதைத்த இடம் இல்லாதவர்களும் கொடுக்கலாம். கடலில் போனவர்கள் பெயர் எல்லா வருஷமும் இருக்கும்.

அக்டோபர் நடுவில் மாமு ஒரு பொட்டலம் பொறை ரொட்டியோடு எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்பாள்.

“இன்னா அண்ணே, இந்த வருஷம் பேரு குடுத்துடட்டா?”

“வேணாம்மா. நான் என் கண்ணால பாக்கல. பாக்காத சாவுக்கு எப்டிப் பேரு குடுப்பே?”

பதினான்கு வருஷம் இதே கேள்வி, இதே பதில். அம்மா பெயர் கொடுக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, துறைமுகப் பட்டறையில் தச்சு வேலை பார்த்த தாமஸ் என்பவர், மனைவியை இழந்தவர், அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பினார். என் புருஷன் சாகவில்லையே என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அவர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு எண்ணூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

போன வருஷம் அக்டோபரில் அந்தப் படம் மறுபடி வந்தது. யுத்தம் முடிந்த சமயத்தில் எடுத்த படம். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பக்கம் வந்து ஒரு வாரம் ஓடிவிட்டுப் போகும். அதன் நிஜப் பெயரை இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டாளப் படம் என்பார்கள். இரண்டு சிநேகிதர்கள் பட்டாளத்தில் சேர்கிறார்கள். ஓர் ஆற்றங்கரையில் எதிரி சுடும்போது ஒருவன் விழுகிறான். இன்னொருவன் படகில் ஏறித் தப்பிவிடுகிறான். ஊருக்கு வந்து, விழுந்தவனுடைய மனைவியிடம், “என் மடியில்தான் அவன் உயிர் போயிற்று” என்று சொல்கிறான். அவள் அழுகிறாள். சுபம்.

மடியில் உயிர் போகவில்லை என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை வைத்துத்தான் சண்டை. பத்து வருஷமாக இந்தப் படம் வரும்போதெல்லாம் ராயபுரத்தில் இந்தச் சண்டையும் கூடவே வரும். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் திருமலை ஒரு கட்சி. சிநேகிதனை விட்டுவிட்டு வந்தவன் கோழை, அதற்கு மேல் பொய் வேறு சொன்னான், அவனுக்கு எதற்குச் சுபம் என்பார். கடை வைத்திருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி இன்னொரு கட்சி, அவன்மேல் தப்பில்லை என்பார். அவர் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். படத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், ஆனால் ஒன்பது தடவை பார்த்த திருமலையை விட அதிகமாகப் பேசுவார்.

இரண்டு கட்சிக்காரர்களும் மாமுவைத்தான் நடுவராக இழுப்பார்கள். இரண்டு கொட்டகைக்கும் போகிறவர் அவர்தானே.

“நான் டப்பா தூக்குறவன் நைனா” என்பார் மாமு. “படம் உள்ள கீது. நான் வெளியில கீறேன்.”

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அம்மா படத்துக்குப் போனாள். அம்மா திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் முத்தம்மா அக்காதான், வழியில் டெண்ட்தானே இருக்கிறது, வா என்று இழுத்தாள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். தரையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தோம். அன்றைக்கு மழை. மாமு முதல் நடை டப்பாக்களோடு வந்தபோது நனைந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஆபரேட்டர் அறைக்குப் போனார்.

படகு புறப்பட்டது. ஊருக்கு வந்தான். மடியில் உயிர் போயிற்று என்றான். அவள் அழுதாள். சுபம் என்று எழுத்து வந்தது. சனம் எழுந்து புடவையிலும் வேட்டியிலும் ஒட்டிய மணலைத் தட்டியது. பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். அப்போது விளக்கு மறுபடி அணைந்து, திரையில் படம் ஓடத் தொடங்கியது. அதே ஆறு. செத்துப் போனவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று துணி துவைக்கிறான். சிநேகிதன் கரையிலிருந்து அவன்மேல் தண்ணீரை வாரி இறைக்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பத்து நிமிஷம் அப்படியே போயிற்று. கடைசியில் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு முகாமுக்கு நடந்தார்கள். முடிந்தது.

டெண்டே சீட்டியடித்தது. முத்தம்மா அக்கா அம்மாவின் தொடையில் தட்டி, பொழைச்சுக்கினான் பாத்தியா என்றாள். அம்மா எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். செத்துட்டான்னு நாமளே பாத்தோமே, அப்புறம் எப்படி?



மறுநாள் விஷயம் பரவியது. காலாடிப்பேட்டையில் அவன் பிழைக்கிறான், ராயபுரத்தில் சாகிறான். தீப்பெட்டி ஆலைக்காரர்களும் துறைமுகத்துக்காரர்களும் பஸ்ஸில் அடித்துக்கொண்டார்கள். ராயபுரத்தில் ஒரு ரீலைத் திருடி மறைக்கிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு. டெண்ட் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி, ஏனென்றால் சுபம் போட்டதும் எழுந்து போனவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை. டெண்டில் கூட்டம் அதிகமாகிவிட்டது. முதலாளி ஆபரேட்டர் ஞானதுரையைக் கூப்பிட்டு, எப்படி ஓட்டினாயோ அப்படியே ஓட்டு என்று சொல்லிவிட்டார். வாரம் முழுதும் சுபத்துக்குப் பிறகு ஒரு ரீல் ஓடியது.

நடந்தது இதுதான் என்று ஞானதுரை அண்ணன் எனக்குப் பிறகு சொன்னார். டப்பாவின்மேல் ரீல் எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருப்பார்கள். அன்று கடைசி நடையில் மழை எண்களை அழித்துவிட்டது. ஃபிலிமின் ஆரம்ப நுனியில் எண் இருக்கும், ஆனால் பழைய பிரதி, அறுந்து அறுந்து ஒட்டியதில் அந்த நுனி போய்விட்டது. ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க நேரமில்லை. எது முதல், எது கடைசி என்று மாமுவிடமே கேட்டார். மாமு மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டு, நான்காவதைத் தொட்டு, “இதான் கடசி” என்றார். அது பதின்மூன்றாவது ரீல். அது நடுவில் வராததை யாரும் கவனிக்கவில்லை. அதில் சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை, ராயபுரத்திலும் அது ஓடும்போது பாதிப் பேர் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள்.

சனிக்கிழமை காலை நான் அண்ணாச்சி கடையில் சீயக்காய் வாங்க நின்றிருந்தேன். திருமலையும் இருந்தார். மாமு பீடி வாங்க வந்தார். அன்றைய வாக்குவாதம் எங்கேயோ போய், அந்த மனைவியிடம் வந்து நின்றது. பொய் சொன்னவனைச் சுட வேண்டும் என்றார் திருமலை.

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். “நீரு அவனையே பாத்துக்கிட்டு இருக்கீரு. அந்தப் பொம்பளையைப் பாத்தீரா? தெரியலன்னு சொல்லியிருந்தா அவ எத்தனை வருஷம் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா? செத்தான்னு ஒருத்தன் சொன்னாத்தானே அழுது முடிப்பா. பொய்யோ மெய்யோ, அவன் அவளை விடுதலை பண்ணிட்டான்.”

மாமு பீடியை வாங்காமல் போய்விட்டார். நான் நிற்பது அப்போதுதான் அண்ணாச்சியின் கண்ணில் பட்டது. சீயக்காயைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுக் கட்டினார்.

அன்று சாயங்காலம் மாமு எங்கள் வீட்டுக்கு வந்தார். பொறை கொண்டுவரவில்லை. நாளைக்குப் பகல் காட்சி, ராயபுரத்தில் மட்டும்தான், டெண்டில் கிடையாது, எனக்கு வேலை இல்லை, நீங்களும் வாங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமு பெஞ்சு டிக்கெட்டில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். நாங்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்களோடு. பதின்மூன்றாவது ரீல் அதன் இடத்தில் வந்தது. துணி துவைத்தார்கள், சிரித்தார்கள், தோளில் கைபோட்டு நடந்தார்கள். அதற்கு அடுத்ததில் சுட்டார்கள். நான் இந்தத் தடவை கண் கொட்டாமல் பார்த்தேன். விழுந்தவன் சாகிறதைப் படத்தில் எங்குமே காட்டவில்லை. அவன் நாணலுக்குள் விழுகிறான், நாணல் ஆடுகிறது, அவ்வளவுதான். நெற்றியில் ரத்தம் வழிந்தது என்று திருமலை சொல்லுவார். அது அதில் இல்லை. கை நீட்டிக் கூப்பிட்டான் என்று இன்னொருவர் சொல்லுவார். அதுவும் இல்லை. அவன் பிழைத்திருக்கலாம். ராயபுரத்துப் படத்திலும் பிழைத்திருக்கலாம். பத்து வருஷமாக எதை வைத்துச் சண்டை போட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்ததும் மாமு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். கடற்கரையில் படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்தில் நின்றார்.

“டெண்ட்ல அந்த ரீலைக் கடசில போடச் சொன்னது நான்தான்” என்றார்.

“தெரிஞ்சேவா?” என்றாள் அம்மா.

“அந்த டப்பா மூடில ஒரு நசுங்கல் கீது. எண்ணு அழிஞ்சாலும் எனக்குத் தெரியும். எத்தினி தபா தூக்கிக்கீறேன். நீ உள்ள உக்காந்துகினு கீறேன்னு தெரியும். அவங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது துவாரத்துல பாத்திருக்கேன். அது கடசியா வந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு. ஏன் பண்ணேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.”

அப்புறம் அவர் ரங்கூனைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நாங்கள் கேட்காத கதை. நான் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். கப்பல் புறப்படப் போகிறது, எல்லோரும் ஏறுங்கள் என்று உத்தரவு. மூட்டை இறக்குகிறவனுக்கு அவன் கொக்கிதான் எல்லாம். அதை யாரும் விட்டுவிட்டு வரமாட்டார்கள். மாமு தன் கொக்கியைக் கிடங்கில் விட்டுவிட்டார். அவர் காலில் அடிபட்டிருந்தது. நான் ஓடி எடுத்து வருகிறேன் என்று அப்பா போனார். கிடங்கின்மேல் குண்டு விழுந்தது. கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. புகைக்குள்ளிருந்து ஒரு ஆள் வெளியே வந்து, கையைத் தூக்கிக்கொண்டு கரையோரம் ஓடிவந்ததை மாமு பார்த்தார். கையில் ஏதோ இருந்தது.

“அது அவனா?” என்றாள் அம்மா.

“அதாம்மா தெரியல. புகை, தூரம். அவன்தான்னு சொன்னா, உயிரோட இருந்தவனை உட்டுட்டு வந்தவன் நான். அவன் இல்லேன்னு சொன்னா, என் கொக்கிக்காவ அவனை அனுப்பிச் சாவடிச்சவன் நான். ரெண்டுல எதைச் சொல்றது உன்கிட்ட?”

அம்மா அங்கே கிடந்த வலையிலிருந்து ஒரு மிதவைக் கட்டையை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

“வருஷா வருஷம் பேரு குடுக்க வேணாம்னியே. அது எனக்காகவா, உனக்காகவா?”

அம்மா கட்டையை வலையின்மேல் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். யாரோடு நிற்பது என்று தெரியாமல் நான் நடுவில் கொஞ்சநேரம் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா கோயிலுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, கோயில்பிள்ளையின் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா பெயருக்கு நேரே இறந்த தேதி என்ற இடம் காலியாக இருந்ததாம். அப்படியே விடுங்கள் என்றாளாம்.

கல்லறையில் பெயர் வாசித்தபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எல்லாப் பெயர்களுக்கும் சொன்னதுபோலவே அதற்கும் சாமியாருக்குப் பதில் ஜெபம் சொன்னாள். எனக்குத்தான் என்ன நினைப்பதென்று தெரியவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று இப்போது முடிவாகிவிட்டதா? யார் முடிவு செய்தது? டெண்ட் கொட்டகையில் பத்து நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேனே, அதை என்ன செய்வது?

வெளியே வந்தால் வாசலில் மாமு நின்றிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. வாசித்தார்களா என்று என்னைக் கேட்டார். வாசித்தார்கள் என்றேன். அம்மா அவரைத் தாண்டிப் போய்விட்டு, நின்று, திரும்பினாள்.

“அடுத்த வருஷம் பேரை நீ குடு” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் மாமு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாலையில் பார்த்தால் மணியடித்துவிட்டுப் போவார். டப்பாக்கள் கேரியரில் குலுங்கும். வரமாட்டார் என்றுதான் அம்மா நினைத்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் இதற்குள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டேன்.

இந்த வருஷம், போன வாரம் வியாழக்கிழமை வந்தார். பெயர் எழுத நீ கூட வா என்று என்னைக் கூப்பிட்டார், அவருக்கு எழுத வராது. கோயில் அறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, உள்ளே போகலாமா என்று இரண்டு தடவை கேட்டார். கோயில்பிள்ளை நோட்டைத் திறந்துகொண்டு, நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார்.

“கூட வேல செஞ்சவன்.”

இறந்த தேதி கேட்டார். போன வருஷம் அது காலியாகவே விட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

மாமு என்னைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு, பிப்ரவரி இருபத்தஞ்சு” என்றார். கோயில்பிள்ளை எழுதினார். அது கப்பல் புறப்பட்ட தேதி. அவர் அப்பாவைக் கடைசியாகப் பார்த்த தேதி, அல்லது பார்த்ததாக நினைத்த தேதி. இறந்த தேதிதானா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்தத் தேதியை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். மாமு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“அது இன்னா கெழமை?” என்றாள் அம்மா.

“புதன்கெழமை.”

“தவக்காலம்.”

“ஆமா. அவன் கறி துன்னமாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு இருந்தான்.”

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்தப் புதன்கிழமை நான் ஒன்றரை வயதுக் குழந்தை, இங்கேயும் துறைமுகத்தின்மேல் குண்டு போடுவார்கள் என்று ஊரே காலி செய்துகொண்டிருந்த சமயம். அன்று காலையிலிருந்து தான் என்ன செய்தோம் என்று யோசித்தாள். தண்ணீர் எடுத்திருப்போம், இவளுக்குக் காய்ச்சலாக இருந்ததே, அது அந்த வாரமா அடுத்த வாரமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“ஒண்ணும் நெனப்புக்கு வரலியே அண்ணே” என்றாள்.

“வரும், பொறு” என்றார் மாமு. அவருக்கு ஆறரைக் காட்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரும் அங்கேயே உட்கார்ந்தார்.